அம்மா ஏறி உட்கார ஒரு கார்

ஜூலை 26, சனி

காலையில் மழை. பத்தரைக்கு விட்டது. துணி காயவில்லை. தலைக்கு மேல் போர் விமானங்கள், சிங்கப்பூர் தேசிய நாள் ஒத்திகை. ஒவ்வொரு சத்தத்துக்கும் அம்மா "யாரு வர்றா?" என்று கேட்டாள்.

வந்தது தம்பி முரளி. மனைவி சுஜா, பிள்ளைகள் இரண்டு. எல்லாருமாக ஊபியில் இருக்கும் ஷோரூமுக்குக் கார் பார்க்கப் போனோம். அம்மாவைப் பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்காவிடம் விட்டுவிட்டு. அம்மாவுக்காகக் கார். அம்மா மட்டும் இல்லை.

ஏன் கார் என்று பிற்பாடு நானே மறந்துவிடக் கூடாது, அதனால் எழுதிவைக்கிறேன்:

– பக்கவாதம் வந்து எட்டு மாதம். இடது பக்கம் பலமில்லை.
– செவ்வாய், வியாழன் மருத்துவமனையில் பயிற்சி. அன்றைக்கெல்லாம் நான் மதியம்தான் கடைக்கு. மாதம் ஒரு முறை டாக்டர்.
– டாக்சி புக் செய்தால் சக்கர நாற்காலியைப் பார்த்ததும் சிலர் நிற்காமல் போகிறார்கள். போன வாரம் மட்டும் இரண்டு பேர்.
– பேச்சு: திங்கள் முதல் வெள்ளி வரை கார் பிடோக்கில், என்னிடம். சனி ஞாயிறு செங்காங்கில், முரளியிடம். அவனே சொன்னது. ஜூன் மாதம், எங்கள் வீட்டு சோபாவில் உட்கார்ந்து, முறுக்கைக் கடித்துக்கொண்டே.

பார்த்ததில் கடைசியாக நின்றவை இரண்டு. இரண்டும் சின்ன எஸ்யூவி. ஒன்று ஜப்பான், ஒன்று கொரியா. இனி ஜ., கொ.

ஜ. – குடும்பப் பெண் மாதிரி இருக்கிறது. பெட்ரோல் கம்மி. கதவு அகலமாகத் திறக்கிறது. பின்னால் சாமான் இடம் சின்னது, அதை மூடும் தட்டைக் கழற்றினால்தான் சக்கர நாற்காலி போகும்.
கொ. – உயரம். மேலே கண்ணாடிக் கூரை. பின்னால் பெரிய இடம். பிள்ளைகள் உள்ளே ஏறினதும் இறங்கவில்லை.

சுஜா கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள், "அத்தைக்கு வானமெல்லாம் தெரியும்ல அண்ணி." ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம்.

முன்பணத்தில் என் பங்கும் உண்டு. எவ்வளவு என்று இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் தூக்கம் வராது.

ஜூலை 27, ஞாயிறு

வெயில். துணி காய்ந்தது.

யாரும் பார்க்காத நோட்டு என்பதால் இதையும் எழுதுகிறேன். காரில் எனக்கும் ஆசை. லைசென்ஸ் எடுத்து இருபத்தொரு வருடம். ஓட்டுவதெல்லாம் ஜாலான் புசாரில் நான் வேலை செய்யும் ஹார்டுவேர் கடையின் வேன்தான், அதுவும் டிரைவர் லீவு போட்டால். குழாயும் பெயிண்ட் டின்னும் ஏற்றிக்கொண்டு. எனக்கென்று ஒரு ஸ்டீயரிங்கை ஒரு நாளும் பிடித்ததில்லை. அம்மாவைப் பயிற்சிக்கு விட்டு, கூட்டிக்கொண்டு, திரும்பும் வழியில் ஈஸ்ட் கோஸ்ட்டில் அரை மணி நேரம் கடலைப் பார்த்து நிறுத்திவைக்க வேண்டும். இரண்டு பேரும் ஒன்றும் பேச வேண்டாம்.

ஐம்பத்திரண்டு வயதில் இது ஒரு ஆசையா என்று சுஜா கேட்பாள். கேட்க மாட்டாள். முகம் கேட்கும்.

ஜூலை 29, செவ்வாய்

பயிற்சி. புக் செய்த டாக்சி வந்தது, பார்த்தது, போய்விட்டது. இரண்டாவது வண்டியில் ஏறினோம். பதினைந்து நிமிடம் தாமதம்.

பயிற்சி தரும் நூர் நல்ல பெண். காரில் எப்படி ஏற வேண்டும் என்று இன்று சொல்லிக்கொடுத்தாள். அம்மா இத்தனை நாள் காலை முதலில் வைத்து ஏறப் பார்த்தாள். அது தப்பாம். முதுகைக் காருக்குக் காட்டி நிற்க வேண்டும். முதலில் உட்காருவது. பிறகு தலையைக் குனிந்து உள்ளே. கடைசியில்தான் கால்கள். "பட் ஃபர்ஸ்ட், தென் ஹெட், தென் லெக்ஸ்," என்றாள். அந்த முதல் வார்த்தை பின்பக்கத்தைச் சொல்கிறது என்று அம்மாவுக்குப் புரிந்து வெட்கம் வந்துவிட்டது. எட்டு மாதத்தில் முதல் சிரிப்பு.

நூரிடம் கார் வாங்கப்போவதைச் சொன்னேன். எது நல்லது என்று கேட்டேன். அவள் எந்தக் கம்பெனி என்றே கேட்கவில்லை. "சீட் எவ்ளோ ஹைட்?" என்றுதான் கேட்டாள். ரொம்பத் தாழ்வாக இருந்தால் எழ முடியாது. ரொம்ப உயரமாக இருந்தால் உட்காரவே முடியாது.

இத்தனை பேர் போய்ப் பார்த்தோம். ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

ஜூலை 30, புதன்

மதியம் கடை வேனில் ஊபிக்குப் போனேன். முதலாளி தவ்கேயிடம் டெலிவரி என்று பொய். கையில் கடையின் இரும்பு டேப்.

தரையிலிருந்து முன் சீட்டின் ஓரம் வரை:
ஜ. 58 செ.மீ.
கொ. 66 செ.மீ.

விற்பனைக்காரர் விழித்தார். மணிக்கு எத்தனை வேகம், எத்தனை காற்றுப்பை என்று கேட்பவர்களைத்தான் அவர் பார்த்திருக்கிறார். தரையில் முட்டிபோட்டு சீட்டை அளக்கும் பொம்பளையை இன்றுதான் பார்க்கிறார் போல. "மேடம், யூ கான்ட்ராக்டர் ஆ?" என்றார்.

வீட்டில் அம்மாவின் கட்டில் 54. சாப்பாட்டு நாற்காலி 45, அதிலிருந்து எழத்தான் என்னைக் கூப்பிடுகிறாள்.

கடைக்குத் திரும்பி, வெட்டி மிஞ்சிய பிளைவுட் துண்டுகளைக் கேட்டேன். தவ்கே எதற்கு என்று கேட்டார். சொன்னேன். தானே அளந்து வெட்டி, முனையெல்லாம் மணல்தாள் போட்டுத் தந்தார். டெலிவரிப் பொய்யை அவர் கண்டுபிடித்துவிட்டார் என்றுதான் நினைக்கிறேன்.

ஆகஸ்ட் 2, சனி

இன்று அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனோம். நான் பிடிவாதம் பிடித்ததால்.

முதலில் கொ. முரளிக்கு அவசரம். நூர் சொன்ன வரிசையை நான் சொல்ல வாயெடுப்பதற்குள் அம்மாவின் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கிவிட்டான். அம்மா "ஐயோ தம்பி" என்றாள். செருப்பு ஒன்று கழன்று கண்ணாடி மாதிரி வழுக்கும் தரையில் சறுக்கிக்கொண்டு போனது. இன்னொரு குடும்பம் திரும்பிப் பார்த்தது. சீட்டில் பாதி, வெளியே பாதி, அம்மா. புடவை முழங்கால் வரை ஏறிவிட்டது. நான் போய் இழுத்துவிட்டேன்.

சுஜா: "ஒரு குட்டி ஸ்டூல் வாங்கி வண்டியிலயே வெச்சுக்கலாம் லா. சிம்பிள்."

இடது கால் தூக்க வராதவளுக்கு ஸ்டூல். சிம்பிள்.

அடுத்து ஜ. அதற்குள் அம்மாவுக்கு நடுக்கம், ஏற மாட்டேன் என்றுவிட்டாள். ஆக, ஒன்றும் முடிவாகவில்லை. விற்பனைக்காரர் தேசிய நாள் தள்ளுபடி ஞாயிறோடு முடிகிறது, இன்றே கையெழுத்துப் போடுங்கள் என்றார். முரளி பேனாவை எடுத்தேவிட்டான்.

அம்மா அப்போதுதான் வாயைத் திறந்தாள். "ஆடியில வேணாம் தம்பி. ஆவணி பொறக்கட்டும்."

முரளி விற்பனைக்காரரிடம் ஆடியை ஆங்கிலத்தில் விளக்கியதைக் கேட்டிருக்க வேண்டும். அவர் பொறுமையாகத் தலையாட்டினார். அவர் சீனர், அவர்களுக்கும் பேய் மாதம் இருக்கிறது. "ஓகே ஓகே, சேம் சேம்," என்றார். தள்ளுபடியும் இரண்டு வாரம் நீண்டது. ஆண்டவன் இருக்கிறான், ஆனால் விற்பனைக்காரர் வடிவத்தில்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

கூடத்தில் இரண்டு உயரம் செய்தேன். அடியில் பெட்டி, மேலே பிளைவுட், அதற்கு மேல் குஷன். ஒன்று 58. ஒன்று 66. சுவரில் பழைய துண்டைச் சுருட்டி ஒட்டினேன், கார்க் கூரை மாதிரி, தலை குனிய.

அம்மா பார்த்தாள். "பைத்தியமா மல்லி உனக்கு?"

இருக்கலாம்.

58-இல் நான்காவது தடவை தானாக உட்கார்ந்தாள். 66-இல் ஏழு தடவை. ஒன்றிலும் இல்லை.

ஆகஸ்ட் 6, புதன்

தினமும் மாலை அரை மணி நேரம். வேலை விட்டு வந்து, தேக்கா சந்தையில் காய் வாங்கிக்கொண்டு, 48-ஆம் எண் பஸ் பிடித்து, கை கால் கழுவி, காபி, பிறகு பயிற்சி. அம்மா இப்போது வாசல் சத்தம் கேட்டதுமே தலையை வாரிக்கொண்டு தயாராக இருக்கிறாள். வரிசையைத் தானே சொல்லிக்கொள்கிறாள். "உக்காரு. குனி. காலு."

இடது காலை வலது காலால் கோர்த்துத் தூக்கும் வித்தையை அவளே கண்டுபிடித்தாள். நூர்கூட இதைச் சொல்லவில்லை.

இன்று ஒன்பது தடவை. என் கை படவில்லை.

இவ்வளவு சந்தோஷமாக நாங்கள் இருவரும் கடைசியாக எப்போது இருந்தோம் என்று தெரியவில்லை. சண்டை போடாத நாள் என்று இதைத்தான் சொல்ல வேண்டும்.

ஆகஸ்ட் 9, சனி

தேசிய நாள். எங்கள் அடுக்குமாடி புளோக் முழுக்கக் கொடி. முரளி குடும்பத்தோடு சாப்பிட வந்தான். தொலைக்காட்சியில் அணிவகுப்பு. பிள்ளைகள் என் பிளைவுட் மேல் ஏறிக் குதித்தன.

சாப்பாட்டுக்குப் பிறகு எல்லாரையும் உட்காரவைத்து அம்மாவை 66-க்குக் கொண்டுபோனேன். முடியவில்லை. 58-க்குக் கொண்டுபோனேன். உட்கார்ந்தாள், குனிந்தாள், கால்களை உள்ளே கொண்டுவந்தாள். ஒரு கையால் புடவையைச் சரிசெய்தாள். பிள்ளைகள் கைதட்டின.

முரளிக்குக் கண் கலங்கிவிட்டது. "ஓகே க்கா. ஜப்பானே எடுத்துக்கலாம்."

சுஜா கண்ணாடிக் கூரையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பாயசம் வேண்டாம் என்றாள்.

ஜெயித்தேன். இதை எழுதும்போதும் சிரிப்பு வருகிறது. நான் எதிலும் ஜெயித்தவள் இல்லை.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஆவணி ஒன்று. மேகமூட்டம். ஊபி.

கையெழுத்து போடும் இடமெல்லாம் முரளி. பதிவு அவன் பெயரில், அது முன்பே தெரிந்ததுதான். கார் வைத்துக்கொள்ளும் உரிமைச் சீட்டுக்கு, சி.ஓ.இ.க்கு, புதன்கிழமை ஏலம். கிடைத்தால் பத்து வருடம். பத்து என்றதும் அம்மாவின் வயதோடு கூட்டிப் பார்த்தேன். எண்பத்து நான்கு. சீ, என்ன புத்தி இது.

பிறகு விற்பனைக்காரர் ஒரு கேள்வி கேட்டார். வீட்டுப் பக்கம் மாதக் கட்டணத்தில் நிறுத்தும் சீசன் பார்க்கிங் விண்ணப்பத்தையும் அவரே போட்டுத் தருவாராம். எந்த கார்பார்க்?

முரளி நிமிராமல் செங்காங் கார்பார்க் எண்ணைச் சொன்னான். மனப்பாடமாக.

என் கையில் காபிக் கோப்பை. கீழே வைக்க இடம் தேடினேன்.

"பிடோக்தானே முரளி?"

"அப்புறம் பேசலாம் க்கா."

"வார நாள்ல என்கிட்ட இருக்கும்னு நீதானே சொன்னே?"

"க்கா, சுஜா காலையில பிள்ளைங்கள ஸ்கூல்ல விடணும். அந்த நேரத்துல பஸ் ஃபுல். நீ வேலைக்குப் போய்டுற, வண்டி சும்மாதானே நிக்கும்?"

செவ்வாயும் வியாழனும் சும்மா நிற்காது என்று சொல்ல வந்தேன். விற்பனைக்காரர் பேனாவைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். அவர் முன்னால் வேண்டாம் என்று விட்டுவிட்டேன். என் வாழ்நாள் தப்பு இதுதான், வெளியாள் முன்னால் வாயை மூடிக்கொள்வது.

நான் உப்புக்குச் சப்பாணி. அளந்துகொடுத்தேன், அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 18, திங்கள்

தொலைபேசியில் முரளி. செவ்வாய், வியாழன் அவனே வந்து அம்மாவைக் கூட்டிப்போவானாம். ஆபிஸில் பேசிவிட்டானாம். "நீ ஏன்க்கா எல்லாத்தையும் சந்தேகமா பாக்குற?"

மதியம் கடையில் ஒருவருக்கு அரை அங்குல ஆணிக்குப் பதில் முக்கால் அங்குலம் கொடுத்துவிட்டேன். திரும்பி வந்து கத்தினார்.

ஆகஸ்ட் 20, புதன்

நான்கு மணிக்கு ஏலம் முடிந்தது. கிடைத்துவிட்டது. முரளி குடும்பக் குழுவில் கைகூப்பும் படங்கள் அனுப்பினான், பதினேழு. எண்ணினேன்.

அம்மாவிடம் சொன்னேன். "என் தம்பி கெட்டிக்காரன்," என்றாள். மகனை இன்னும் தம்பி என்றுதான் கூப்பிடுவாள். என்னை மல்லி.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

புழுக்கம். மின்விசிறி ஒரு பக்கம் சத்தம் போடுகிறது.

முரளியும் சுஜாவும் வந்தார்கள். ஆப்பிள், ஆரஞ்சு, பெரிய பை. பழம் பெரிதாக இருந்தால் பேச்சும் பெரிதாக இருக்கும்.

முரளி: "அம்மா எங்க வீட்ல இருக்கட்டும் க்கா. கார் அங்கதானே நிக்கப்போகுது. ஒவ்வொரு தடவையும் செங்காங்லேர்ந்து பிடோக் வந்து ஏத்தி, மறுபடி கொண்டுவந்து விட்டு... டைம் வேஸ்ட். பணிப்பெண்ணும் இருக்கா. இப்பதான் அம்மா தனியா ஏறி இறங்குறாங்களே."

இப்பதான் தனியா ஏறி இறங்குறாங்களே.

நான்தான் பழக்கினேன். மாலை மாலையாக. யாரும் தூக்க வேண்டியதில்லை என்று ஆக்கினேன். தூக்க வேண்டிய அம்மாவை எட்டு மாதமாக ஒருவரும் கேட்கவில்லை.

சுஜா: "உங்களுக்கும் ரெஸ்ட் கிடைக்கும் அண்ணி. நீங்களும் பாவம் எத்தனை நாளைக்கு."

அம்மா என்ன சொல்வாள் என்று அவளைப் பார்த்தேன். அவள் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள், வலது கையால், இடது கையை வெறும் முட்டாகக் கொடுத்து. உரித்துச் சுளையை முரளியிடம் நீட்டினாள். "போய்த்தான் பாக்குறேன்," என்றாள்.

என்னைப் பார்த்துச் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 25, திங்கள்

இரவு சோறு இறங்கவில்லை. அம்மா இரண்டு தோசை.

ஆகஸ்ட் 29, வெள்ளி

அரை நாள் லீவு. அம்மாவுடன் கேலாங் சிவன் கோயில். டாக்சி முதல் தடவையே நின்றது. அம்மா தானாக ஏறினாள், தானாக இறங்கினாள். டிரைவர் "வெரி குட் ஆன்ட்டி" என்றார்.

கோயிலில் கூட்டமில்லை. தூண் பக்கம் சக்கர நாற்காலியை நிறுத்திக்கொண்டு கேட்டுவிட்டேன்.

"உனக்குப் போகணும்னு ஆசையா?"

சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். பிறகு, "நீ கடைக்குப் போயிட்டு வர்ற வரைக்கும் நான் சுவத்தப் பாத்துக்கிட்டு இருக்கேன் மல்லி. அங்க பேரப்புள்ளைங்க இருக்கு."

"சரி."

"உனக்கும் ஒரு நிம்மதி."

"நான் கேட்டேனா?"

"நீ எதைத்தான் வாய்விட்டு கேட்ட?"

கோபம் வந்தது. அவள் சொன்னது நியாயம் என்பதால் இன்னும் கோபம் வந்தது. எனக்காகப் போகிறாளா, மகனுக்காகப் போகிறாளா? இரண்டுமாக இருக்கலாம். ஆனால் மகன் என்றதும் அந்த முகத்தில் வரும் வெளிச்சம், இத்தனை வருடத்தில் என்னைப் பார்த்து ஒரு நாளும் வந்ததில்லை. இதை எழுதாவிட்டால் இந்த நோட்டு எதற்கு.

செப்டம்பர் 4, வியாழன்

தேக்கா: மாலை ஒன்று, எலுமிச்சை நாலு, வெற்றிலை, வாழைப்பழம், சூடம். பூக்காரர் வண்டிக்கா என்றார். ஆமாம் என்றேன். என்ன வண்டி என்றார். தம்பி வண்டி என்றேன்.

அம்மா துணி:
– புடவை 6
– நைட்டி 5
– சால்வை
– மருந்து டப்பா, நாள் எழுதியது
– கால் பெல்ட்
– முழங்கால் தைலம் (அங்கே வாசனை பிடிக்காது என்பார்கள், இருக்கட்டும்)

பிளைவுட்டைக் குப்பைத் தொட்டிப் பக்கம் வைத்தேன். அரை மணி நேரத்தில் யாரோ எடுத்துப்போய்விட்டார்கள்.

செப்டம்பர் 5, வெள்ளி

பளிச்சென்ற வெயில். கார் வெள்ளை. அழகாகத்தான் இருக்கிறது, பொய் சொல்வானேன்.

முரளி கோயிலில் பூசை போட்டுவிட்டு நேராக பிடோக் வந்தான். நேற்றிரவு என்னிடம் வாங்கிப்போன மாலையோடு. சக்கரத்தில் எலுமிச்சைத் துணுக்கு ஒட்டியிருந்தது. புளோக் கீழே வண்டி நிற்கும் இடத்தில் எங்கள் வீட்டுச் சாமான் எல்லாம். சாமான் என்றால் இரண்டு பை.

பின்னால் தட்டைக் கழற்றாமல் சக்கர நாற்காலி போகவில்லை. முரளி தட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். கொ. என்றால் இந்தத் தொல்லை இருந்திருக்காது என்று சுஜா மெதுவாகச் சொன்னாள். என் காதில் விழும் அளவுக்கு மெதுவாக.

"அக்கா, நீ ஓட்டிப் பாக்குறியா? இந்த கார்பார்க்க ஒரு சுத்து," என்றான் முரளி. நல்ல மனதோடுதான் கேட்டான். அதுதான் தாங்கவில்லை. வேண்டாம், புது வண்டி என்றேன்.

அம்மா திரும்பி நின்றாள். உட்கார்ந்தாள். குனிந்தாள். வலது காலால் இடது காலைக் கோர்த்து உள்ளே கொண்டுவந்தாள். முரளி கை நீட்டினான், அவள் தட்டிவிட்டாள். பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்கா மாடியிலிருந்து கைகாட்டினார். சீட் பெல்ட்டை நான் போட்டுவிட்டேன். அம்மா என் கையைப் பிடித்து, "வாரேன்டி. ஞாயித்துக்கிழமை வா," என்றாள்.

கதவைச் சாத்தினேன். முதல் தடவை சரியாகச் சாத்தவில்லை. இரண்டாவது தடவை.

மேலே வந்து கூடத்தைப் பெருக்கினேன்.

செப்டம்பர் 7, ஞாயிறு

செங்காங். பஸ், ரயில், குட்டி ரயில். ஒரு மணி இருபது நிமிடம். அம்மா நன்றாக இருக்கிறாள். தைலம் பால்கனியில் இருந்தது.

கார் வீட்டில் இல்லை. சுஜாவின் அம்மாவைக் கூட்டிவரப் போயிருந்தது.

செப்டம்பர் 9, செவ்வாய்

இன்று முரளி அம்மாவைப் பயிற்சிக்குக் கூட்டிப்போனான். குழுவில் படம். நூர் பக்கத்தில் கட்டைவிரல் காட்டிக்கொண்டு. ஏழு பேர் இதயம் போட்டார்கள். நானும் போட்டேன்.

வேலை விட்டு வந்து கை கால் கழுவினேன். காபி போட்டேன். ஆறரை மணி. அதற்குப் பிறகு என்ன செய்வது என்று தெரியவில்லை. கேஸ் அடுப்பைத் துடைத்தேன்.

செப்டம்பர் 10, புதன்

கடையில் சரக்குக் கணக்கெடுப்பு. மூன்று மணிக்கு முரளியின் குரல் செய்தி. அப்படியே எழுதுகிறேன்:

"க்கா, நாளைக்கு எனக்கு மீட்டிங் வந்திருச்சு, தள்ள முடியல. சுஜாவுக்கு வண்டி வேணும், சின்னவனுக்கு நீச்சல், பெரியவளுக்கு டியூஷன். நீ ஒரு நாள் லீவு போட்டு அம்மாவ கூட்டிட்டுப் போக முடியுமா? டாக்சி நான் புக் பண்ணிடுறேன். இந்த ஒரு தடவ மட்டும். அம்மாவும் நீ இருந்தாதான் சரியா இருக்கும்னு சொல்றாங்க."

இரண்டு தடவை கேட்டேன்.

தவ்கேயிடம் லீவு கேட்டேன். "உங்க தம்பி கார் வாங்கலையா?" என்றார். வாங்கிவிட்டான் என்றேன். அவர் கால்குலேட்டரைப் பார்த்துக்கொண்டே சரி என்றார்.

செப்டம்பர் 11, வியாழன்

விடியற்காலை மழை. ஆறே முக்காலுக்குக் கிளம்பி பிடோக்கிலிருந்து செங்காங். கார்பார்க் வழியாக நடந்தேன். வண்டி நின்றிருந்தது. மாலை வாடித் தொங்கியது, யாரும் எடுக்கவில்லை. பின் சீட்டில் நீச்சல் பலகை.

அம்மா தயாராக இருந்தாள். பணிப்பெண் தலை வாரிவிட்டிருந்தாள், வகிடு கோணல். நான் சரிசெய்தேன். டாக்சி சரியான நேரத்துக்கு வந்தது. சக்கர நாற்காலியைப் பார்த்தும் நின்றது. வயதான சீனர், இறங்கிவந்து அவரே மடித்து ஏற்றினார். அம்மா திரும்பி நின்று, உட்கார்ந்து, குனிந்து, கால்களை உள்ளே வைத்தாள்.

நாங்கள் போவது பிடோக் பக்கத்து மருத்துவமனைக்கு. நான் வந்த வழியே திரும்பிப் போகிறேன், அம்மாவையும் வைத்துக்கொண்டு. வழியெல்லாம் நெரிசல். அம்மா பேரப்பிள்ளைகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தாள். பெரியவள் நன்றாகப் பியானோ வாசிக்கிறாளாம். சின்னவன் இவள் அறைக்கு வந்து தூங்குகிறானாம். நான் ம் கொட்டிக்கொண்டு வந்தேன்.

டிரைவர் கண்ணாடியில் பார்த்து, "ஆன்ட்டி, எவ்ரி வீக் டேக் டாக்சி ஆ? ஃபேமிலி நோ கார்?" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள். உட்கார்ந்த இடத்திலேயே நிமிர்ந்தாள். "ஹேவ்," என்றாள். "நியூ கார். மை சன் பை."

நானும் ஆமாம் என்று தலையாட்டினேன்.